ப்ராப்பர்ட்டி

எங்கள் கூத்தாநல்லூரில்
சம்பாதிக்கப் போனால் அது சபர்.
பெரியத்தா சிங்கப்பூர் சபர், மாமா ஜித்தா சபர்,
அத்தா பதினேழு வருஷம் குவைத் சபர்.
காசு கட்டிப் போகிறவளுக்கு
என்ன பெயரென்று
ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

உங்க ரமீஜா என்ன படிக்கிறாள்?
சினிமாவுக்கு ப்ராப்பர்ட்டி செய்கிற படிப்பு
என்றார் அத்தா, ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடியபடி.
சினிமாவை மட்டும் மெல்லச் சொல்லியிருக்க வேண்டும்.
அடுத்த வாரமே மூன்று பேர்
வில்லங்கச் சான்றிதழோடு வந்து உட்கார்ந்தார்கள்.
லெட்சுமாங்குடிப் பக்கம் ஒரு மனை,
தாய்ப்பத்திரம் இல்லை,
வாங்கலாமான்னு மகள்கிட்ட கேட்டுச் சொல்லுங்க.

கார்டிஃபில் நான் உடைகிற புட்டி செய்துகொண்டிருந்தேன்.
பாகு காய்ச்சி அச்சில் ஊற்றினால் கண்ணாடி.
மண்டையில் அடித்தால் நொறுங்கும், கீறாது.
தம்ரூட் கிளறும் வீட்டுப் பெண்ணுக்கு
பாகுப் பதம் கைவந்த கலையென்று
எழுத ஆசைதான். பொய்.
மூன்று முறை கருக்கினேன்.
மூன்றாவது முறை மணி அலறி
விடுதி முழுக்கத் தெருவில் நின்றது, போர்வையோடு.

ரப்பரில் கடப்பாரை, தெர்மாகோலில் கருங்கல்.
ஹெலன் எதையும் முதலில் பார்ப்பதில்லை,
தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்வாள்.
கல் சுமக்கிற தோளா இது?
பொருளில் இல்லாத கனம்
முதுகில் இருக்க வேண்டும்.

மே மாத விடுமுறைக்கு ஒரு வேலை:
உன் ஊர்த் தரையில் ஒரு சதுர மீட்டர்,
கேமரா ஏமாற வேண்டும்.

காத்தமுத்து குத்தகைக்கு உழும் வயல்
வெடித்துக் கிடந்தது.
முழங்கை வரை விட்டேன், அடி தட்டவில்லை.
சிலிகானை வாளியில் கலக்கி ஊற்றும்போது
விலை கேட்டார். சொன்னேன்.
இந்தக் காசுல ஒரு மா நட்டு அறுத்துடலாம்
என்றார், கோபமில்லை, கணக்கு.
வெயிலில் சீக்கிரம் இறுகிவிடும் என்றதும்
துண்டை விரித்து நிழல் பிடித்தார்.
நாங்கள் டீ குடிக்கப் போன நேரம்
ஓர் ஆடு விளிம்பைக் கடித்தது.
அந்தப் பல்லும் அச்சில் இருக்கிறது.

உரித்துக் கவிழ்த்தால்
வெடிப்பெல்லாம் சுவராக நின்றது.
வயலின் உள்பக்கம் வெளியே.
காத்தமுத்து விரலால் அளந்தார்.
இவ்வளவு ஆழமா.
மொத தண்ணி எங்க போவுதுன்னு
இப்பத்தாம்மா தெரியுது.

ஜூனில் மேட்டூர் திறந்தார்கள்.
எங்கள் மதகைத் தொடப் பன்னிரண்டு நாள்.
மொட்டை மாடியில் ஃபோம் வயலுக்குப்
பழுப்பு அடித்துக்கொண்டிருந்தேன்,
டீத்தூள், சாம்பல், மூன்று பெயிண்ட்.
ராத்திரி ஒன்பதுக்கு போன்:
ஒரிஜினல் மூடப்போவுது, பாக்கணும்னா வா.

செல்போன் வெளிச்சத்தில் குனிந்திருந்தோம்.
தண்ணீர் வரும் முன்பே
வெடிப்பின் உதடு கறுத்துவிடுகிறது.
ஈரம் ஒரு சாண் முன்னால் நடக்கிறது.
பிறகுதான் தண்ணீர், தொண்டைக்குள் இறங்குகிற சத்தத்தோடு.
நான் அடித்த நிறம் மொத்தமும் தப்பு.
விடிய விடியச் சுரண்டி
மறுபடி அடித்தேன், உதட்டிலிருந்து.

திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.
நான்காக அறுத்து அடுக்கியிருந்தேன்.
என்னம்மா இது?
வயல், சார்.
பட்டா யார் பேர்ல? சிரித்தார் அதிகாரி.
காத்தமுத்து பேர்ல இல்ல, என்றேன்.
யாரென்று அவர் கேட்கவில்லை.
ஒரு துண்டைப் பிடித்து இழுத்தார்,
வெடுக்கென்று நெஞ்சுவரை எழும்பியது,
பஞ்சு மாதிரி.
கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார்.

திரும்ப வைக்கும்போது
காலை அகட்டி, இடுப்பை வளைத்து,
இரண்டு கையாலும்
மெல்ல இறக்கினார்.